நகம் தட்டும் படி: பழைய கார் இன்ஜினின் பிஸ்டன், சிலிண்டர் வேலை

கழற்றிய பழைய இன்ஜின் பிளாக் ஒன்று மேசைமேல் இருக்கிறது என்று வையுங்கள். சிலிண்டருக்குள் விரலை விட்டு, சுவரை ஒட்டி மேலிருந்து கீழே நகத்தை இழுத்துப் பாருங்கள். மேல் விளிம்பிலிருந்து கொஞ்சம்தான் இறங்கியிருப்பீர்கள், நகம் ஒரு சின்னப் படியில் தட்டி உள்ளே விழும். கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. நகத்துக்கு நன்றாகவே தெரியும். படிக்கு மேலே இருப்பது தொழிற்சாலையில் கடைந்தபோது இருந்த அளவு. கீழே இருப்பது, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம், அதாவது பிஸ்டன் ரிங், பல ஆண்டுகள் ஏறி இறங்கித் தேய்த்த அளவு.

பழைய காரில் இன்ஜின் வேலை என்று சொல்வதில் பெரும்பகுதி இந்தப் படியில்தான் தொடங்குகிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் இதைப் பாகம் மாற்றும் வேலை என்று நினைத்துவிடுகிறார்கள்: பழைய பிஸ்டனை எடு, புதியதைப் போடு, முடிந்தது. எனக்கு இது முழுக்க இடைவெளிகளைச் சரிசெய்யும் வேலையாகத்தான் தெரிகிறது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே ஓர் இடைவெளி, ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஒன்று, ரிங்குக்கும் பிஸ்டனில் அது உட்காரும் பள்ளமான காடிக்கும் நடுவே இன்னொன்று. ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமன் கணக்கில் வருவது. இதில் ஒன்றைக் கோட்டைவிட்டாலும், மற்ற எல்லாவற்றையும் புதிதாகப் போட்டும் பயனில்லை.

உள்ளே நடப்பது

நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் என்ன செய்கிறது என்று பள்ளியிலேயே படித்திருப்போம். காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும், அழுத்தப்படும், எரிந்து பிஸ்டனைத் தள்ளும், புகை வெளியேறும். படத்தில் பார்த்தால் எல்லாம் நிதானமாக நடப்பதுபோல இருக்கும். எம்ஜிபி என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரின் 1798 சிசி இன்ஜினை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சிலிண்டர் விட்டம் 80.26 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 88.9 மி.மீ. பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் நொடிக்கு 50 முறை மேலே போய்க் கீழே வருகிறது. ஒரே நொடியில் 100 முறை நின்று திரும்புகிறது. சராசரி வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட 9 மீட்டர். இந்த ஓட்டத்திலும் உலோகம் உலோகத்தில் உரசாமல் இருக்க வேண்டும். நடுவே நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

வாயு கீழே கசியாமல் பிடிப்பது ரிங். பெரும்பாலான பழைய இன்ஜின்களில் பிஸ்டனுக்கு மூன்று அல்லது நான்கு ரிங் இருக்கும். மேலே இருப்பவை கம்ப்ரெஷன் ரிங்குகள். கீழே இருப்பது ஆயில் ரிங். சுவரில் கூடுதலாக ஒட்டிய ஆயிலை வழித்துக் கீழே அனுப்பும். ரிங் தன் சொந்த விறைப்பால் மட்டும் சுவரை அழுத்துகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விறைப்பு ஆரம்பத்துக்கு மட்டும்தான். எரியும் வாயு காடிக்குள் நுழைந்து, ரிங்கின் முதுகுப் பக்கம் போய், அதை வெளியே தள்ளிச் சுவரோடு அழுத்துகிறது. அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு இறுக்கமாக அடைப்பு. இந்த ஏற்பாட்டை முதலில் புரிந்துகொண்டபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

இதைத் தெரிந்துகொண்டால் அந்தப் படி ஏன் சிலிண்டரின் மேல்பகுதியில் மட்டும் விழுகிறது என்பதும் புரிந்துவிடும். வாயுவின் அழுத்தம் உச்சத்தில் இருப்பது பிஸ்டன் மேலே இருக்கும்போது. சூடும் அங்கேதான் அதிகம், ஆயில் அங்கேதான் குறைவு. போதாததற்கு பிஸ்டன் அங்கே ஒரு கணம் நின்று திரும்புகிறது. நிற்கும்போது ஆயில் படலம் அறுந்துபோகிறது. ஆக, மேலே தேய்மானம் அதிகம், கீழே வரவரக் குறைவு. சிலிண்டர் மெல்ல மெல்லப் புனல்போல ஆகிறது. அதோடு நிற்பதில்லை. பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் சாய்ந்து நின்று தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் கூடுதலாகச் சாய்கிறது. அந்தப் பக்கம் அதிகம் தேய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகிறது. புது ரிங் வட்டமானது. முட்டை வடிவச் சுவரில் அதைப் போட்டால் இரண்டு பக்கம் ஒட்டும், இரண்டு பக்கம் ஒட்டாது.

கழற்றும் முன்

இன்ஜின் ஆயில் குடிக்கிறது, பின்னால் நீலப் புகை வருகிறது என்றதும் பிஸ்டன் வேலைதான் என்று முடிவுகட்ட வேண்டாம். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வந்து, மறுபடி மிதிக்கும்போது மட்டும் ஒரு குபுக் நீலப்புகை வந்தால் பெரும்பாலும் வால்வின் தண்டு ஏறி இறங்கும் குழாயான வால்வு கைடு தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் இழுக்கும்போது தொடர்ந்து வந்தால் ரிங் மேல் சந்தேகம் வரலாம். கறுப்புப் புகை பெட்ரோல் கூடுதலாகப் போவதைக் காட்டும். இன்ஜின் சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, தண்ணீர் உள்ளே கசிவதைக் காட்டும்.

சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜ் இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். இன்ஜினைச் சூடாக்கி, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு ஸ்டார்ட்டரில் சுற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அளவையும் எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் குறைவாகக் காட்டிய சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பாருங்கள். அளவு நன்றாக ஏறினால், கசிவு ரிங் வழியாகத்தான். ஊற்றிய ஆயில் சந்துகளைத் தற்காலிகமாக அடைத்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்விலோ, சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டிலோ கோளாறு. இந்த ஒரு டீஸ்பூன் ஆயில், தேவையில்லாமல் முழு இன்ஜினைப் பிரிப்பதைத் தடுத்துவிடும்.

பல வருடம் ஓடாமல் நின்ற கார் என்றால் கதையே வேறு. ரிங்குகள் துருப்பிடித்துச் சுவரோடு ஒட்டியிருக்கும். தயவுசெய்து கியரில் போட்டுக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். ரிங் உடையும், பிஸ்டன் விளிம்பு நொறுங்கும், ராட் வளையும். பிளக் ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் மாட்டி முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துப் பார்ப்பதுதான் வழி. முதல் முறை அரை விரல் அகலம் நகர்ந்தால் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்றலாம். அவசரப்படுகிறவர்களுக்கு ஏற்ற வேலை இல்லை இது.

அளப்பது

ஹெட்டையும் அடியில் உள்ள ஆயில் தொட்டியான சம்பையும் கழற்றிய பிறகு பிஸ்டனை மேல்வழியாக எடுக்க வேண்டும். இங்கேதான் அந்தப் படி குறுக்கே நிற்கும். படி ஆழமாக இருந்தால், அதைச் சீவி எடுக்கும் ரீமர் கொண்டு முதலில் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ரிங் படியில் மாட்டி, பிஸ்டனின் ரிங் காடி உடைந்துபோகும். இன்னொன்று: ஒவ்வொரு கனெக்டிங் ராடும் அதன் கீழ் மூடியும் ஜோடியாகக் கடையப்பட்டவை. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குச் சேராது. கழற்றும்போதே எந்த சிலிண்டர், எந்தப் பக்கம் முன்னால் என்று அடையாளம் போட்டுவிட வேண்டும்.

முறையாக அளக்க, உள்விட்டம் பார்க்கும் போர் கேஜும் நுட்பமான அளவெடுக்கும் மைக்ரோமீட்டரும் வேண்டும். மேல், நடு, கீழ் என்று மூன்று ஆழத்தில், ஒவ்வோர் ஆழத்திலும் குறுக்கே இரண்டு திசையில் அளப்பார்கள். மேல் அளவிலிருந்து கீழ் அளவைக் கழித்தால் புனல் எவ்வளவு என்று தெரியும்; இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் முட்டை வடிவத்தைச் சொல்லும்.

இந்தக் கருவிகள் கையில் இல்லாதவர்களுக்கு ஒரு நல்ல வழி உண்டு. ஒரு ரிங்கை எடுத்து சிலிண்டரின் அடிப்பகுதியில், தேயாத இடத்தில் வையுங்கள். பிஸ்டனைத் தலைகீழாக விட்டு அழுத்தினால் ரிங் கோணாமல் நேராக உட்காரும். இப்போது ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (பல தடிமனில் உள்ள மெல்லிய தகடுகளின் கட்டு) அளவெடுங்கள். அடுத்து அதே ரிங்கை மேலே, படிக்குச் சற்றுக் கீழே வைத்து மறுபடி அளவெடுங்கள். விட்டம் கூடினால் சுற்றளவு 3.14 மடங்கு கூடும் அல்லவா? ஆகவே இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வந்துவிடும். கீழே 0.30 மி.மீ., மேலே 0.80 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.50. வகுத்தால் ஏறத்தாழ 0.16 மி.மீ. தேய்மானம். இந்த அளவுக்குத் தேய்ந்த சிலிண்டரில் புது ரிங் மட்டும் போட்டு ஓட்ட நினைக்க வேண்டாம். பொதுவாக 0.1 மி.மீ.க்குள் இருந்தால் ரிங் மாற்றிப் பார்க்கலாம். அதற்கு மேல் போனால் கடைசல்தான். அந்தந்த இன்ஜினின் சர்வீஸ் மேனுவல் சொல்லும் எல்லையே இறுதியானது.

கழற்றிய பிஸ்டனையும் சும்மா ஒதுக்கி வைக்காமல் உற்றுப் பாருங்கள். பக்கவாட்டில் செங்குத்தான கீறல்கள் இருந்தால் ஆயில் குறைந்திருக்கும் அல்லது சூடு எகிறியிருக்கும். தலையின் விளிம்பு அரித்ததுபோல இருந்தால் இன்ஜின் நீண்டநாள் நாக்கிங்கோடு (எரிபொருள் தாறுமாறாக வெடித்து எரிவது) ஓடியிருக்கிறது. காரணத்தைச் சரிசெய்யாமல் புதுப் பிஸ்டன் போட்டால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

கடைவதா, லைனரா?

தேய்ந்த சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவதுதான் ரீபோர். பெரிய பிஸ்டன்கள் படிப்படியான அளவில் வரும்: மில்லிமீட்டர் கணக்கு இன்ஜின்களுக்கு 0.25, 0.50, 0.75, 1.00 என்று, அங்குலக் கணக்கு இன்ஜின்களுக்கு ஆயிரத்தில் 10, 20, 30, 40 பங்கு என்று. பிஸ்டன் தலையிலேயே அந்த எண்ணைப் பொறித்திருப்பார்கள். பழைய பிஸ்டனில் ஏற்கெனவே ஓர் எண் இருந்தால், உங்களுக்கு முன்பே யாரோ ஒரு முறை ரீபோர் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மேலே சொன்ன எம்ஜிபி இன்ஜினை 0.50 மி.மீ. பெரிதாக்கினால் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்துக் கொள்ளளவு 22 சிசி அளவுக்குத்தான் கூடும். காரின் வேகத்தில் அது தெரியாது. அதனால் தேவைக்கு மேல் ஒரு சைஸ் பெரிதாகக் கடையச் சொல்லாதீர்கள். சுவரில் இரும்பு மிச்சம் இருந்தால்தான் அடுத்த முறை கடைய முடியும்.

இதில் வரிசை முக்கியம். முதலில் பிஸ்டனை வாங்குங்கள். பிறகு அதைக் கடைசல் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். பெட்டியில் எழுதிய அளவை நம்பிக் கடையாமல், ஒவ்வொரு பிஸ்டனையும் அளந்து அதற்கேற்பக் கடைவதுதான் சரி. கடைந்த பிறகு எந்தப் பிஸ்டன் எந்த சிலிண்டருக்கு என்பதை மாற்றக் கூடாது.

கடைய இனி இடமில்லை, அல்லது சுவரில் வெடிப்பு விழுந்துவிட்டது என்றால் லைனர் போடுவார்கள். சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து, வார்ப்பிரும்புக் குழாய் ஒன்றை இறுக்கமாக அழுத்தி இறக்கி, அதை மறுபடி பழைய ஸ்டாண்டர்ட் அளவுக்குக் கடைவது. தண்ணீர் இந்தக் குழாயைத் தொடாது என்பதால் இது உலர் லைனர். டிரையம்ப் டிஆர்2 போன்ற சில கார்களில் தொழிற்சாலையிலேயே ஈர லைனர் வைத்திருக்கிறார்கள். அதில் சிலிண்டர் தனிக் குழாயாகவே வரும், குளிர்விக்கும் தண்ணீர் அதன் முதுகை நேரடியாகத் தொடும். தேய்ந்தால் உருவி எடுத்துப் புதியது போடலாம், கடைசலே வேண்டாம். கேட்கச் சுலபமாக இருக்கும், ஆனால் லைனரின் மேல் விளிம்பு பிளாக்கைவிட மிக மெல்லிய அளவு உயர்ந்து நிற்க வேண்டும். அந்த உயரம் தவறினால் ஹெட் கேஸ்கெட் அடைக்காது. காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் ஒவ்வொரு சிலிண்டரும் விசிறிமடிப்பு வைத்த தனிப் பாகம். பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே செட்டாக மாற்றிவிடலாம்.

பிஸ்டன் உருளை இல்லை

பிஸ்டனைப் பார்த்தால் உருளைபோலத்தான் இருக்கும். மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் இரண்டு வகையில் ஏமாற்றும். தலைப்பக்கம் சிறுத்தும் கீழே பாவாடைப் பக்கம் பருத்தும் இருக்கும். பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் ‘பின்’ என்ற கம்பி போகும் திசையில் குறுகியும் அதற்குக் குறுக்கே அகன்றும் இருக்கும். காரணம் சூடு. அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். 80 மி.மீ. விட்டமுள்ள அலுமினியப் பிஸ்டன் 100 டிகிரி சூடானால் 0.18 மி.மீ. அளவுக்கு விரிகிறது, அதே சூட்டில் வார்ப்பிரும்புச் சிலிண்டர் ஏறத்தாழ அதில் பாதிதான் விரியும். தலை அதிகம் சூடாகும், பின்னைத் தாங்கும் பக்கம் உலோகம் தடியாக இருக்கும். அந்த இடங்கள் கூடுதலாக விரியும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அங்கே குறைத்துக் கடைந்திருக்கிறார்கள். சூடான பிறகுதான் பிஸ்டன் வட்டமாகிறது.

ஆகவே பிஸ்டனை அளக்க வேண்டிய இடம் பாவாடையில், பின்னுக்குக் குறுக்கே. வேறு இடத்தில் அளந்து கடையச் சொன்னால் இடைவெளி குறைந்துபோய், சூடானதும் பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். சாதாரண வார்ப்புப் பிஸ்டனுக்கு இந்த இடைவெளி 0.03 முதல் 0.06 மி.மீ. வரை இருப்பது வழக்கம். அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். இடைவெளி அதிகமானால் காலையில் ஸ்டார்ட் செய்ததும் டக் டக் என்று சத்தம் வரும், சூடாகச் சூடாக அடங்கும்.

ரிங்கின் முனை இடைவெளியிலும் இதே கணக்கு. 80 மி.மீ. சிலிண்டரின் சுற்றளவு 251 மி.மீ. அந்த நீளத்து இரும்பு 100 டிகிரி சூடானால் கால் மி.மீ.க்கு மேல் நீளும். விரிய இடமில்லாமல் முனைகள் முட்டிக்கொண்டால் ரிங் சுவரைக் கிழிக்கும். இந்த அளவு சிலிண்டருக்கு 0.25 முதல் 0.35 மி.மீ. வரை முனை இடைவெளி வைப்பார்கள். குறைவாக இருந்தால் மெல்லிய அரத்தால், வெளிப்பக்கத்திலிருந்து உள்பக்கமாக மட்டும் ராவி எடுங்கள். முன்னும் பின்னும் ராவினால் ரிங்கின் மேல்பூச்சு உதிரும். புது ரிங்தானே, சரியாகத்தான் இருக்கும் என்று அளக்காமல் போடுவது நான் பார்த்ததில் அதிகம் நடக்கும் தவறு.

கோடுகளும் கழுவலும்

கடைந்து முடித்த சுவரைக் கடைசியாக ஹோனிங் செய்வார்கள். சாணைக்கல் சுழன்றுகொண்டே மேலும் கீழும் போவதால், சுவரில் ஒன்றையொன்று வெட்டும் மெல்லிய கோடுகள் விழும், பாய் பின்னலைச் சாய்த்து வைத்ததுபோல. கண்ணாடிபோல வழவழப்பாக இருப்பதுதான் நல்லது என்று தோன்றும். வழவழப்பான சுவரில் ஆயில் நிற்காது. இந்தக் கோடுகளில்தான் ஆயில் தங்கும். புது ரிங்கும் இந்தக் கோடுகளின் மேடுகளை மெல்லத் தேய்த்துத்தான் சுவரோடு பழகும்.

அந்தக் கோடுகளுக்குள் சாணைக்கல்லின் துகள்களும் சிக்கியிருக்கும். நான் முதல்முறை செய்தபோது பெட்ரோலால் துடைத்துவிட்டு, பளிச்சென்று இருக்கிறதே என்று திருப்திப்பட்டேன். பெரியவர் ஒருவர் வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் தொட்டு சுவரைத் துடைத்துக் காட்டினார். துணி சாம்பல் நிறமாகிவிட்டது. வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துக் கழுவி, மறுபடி துடைத்தோம். இன்னும் சாம்பல். மூன்றாவது கழுவலுக்குப் பிறகுதான் துணி வெள்ளையாகவே வந்தது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கும், துகளைக் கோட்டிலேயே விட்டுவிடும். சோப்பு நீர்தான் அதைத் தூக்கி வெளியே கொண்டுவரும். கழுவியதும் துடைத்து உடனே ஆயில் பூச வேண்டும். கொஞ்ச நேரம் விட்டாலும் துரு ஏறும்.

மாட்டுவது பொறுமை இருந்தால் சுலபம். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறியோ வெட்டோ இன்ஜினின் முன்பக்கம் பார்க்க வேண்டும். பல பிஸ்டன்களில் பின் துளை நட்ட நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருக்கும். முன்பு சொன்ன டக் டக் சத்தம் குறைவதற்காக. திருப்பிப் போட்டால் சத்தம் கூடும். ரிங்கில் மேல்பக்கக் குறி இருந்தால் அது மேலே இருக்க வேண்டும். ரிங்குகளின் முனை இடைவெளிகள் ஒரே நேரில் வராமல் சுற்றிலும் பிரித்து வையுங்கள். ராட் போல்ட்டுகளுக்கு ரப்பர் குழாய்த் துண்டு மாட்டினால் கிராங்க்கில் கீறல் விழாது. ரிங் கம்ப்ரெஸரால் இறுக்கி, சுத்தியலின் மரப்பிடியால் மெல்லத் தட்டி இறக்குங்கள். நடுவில் எங்காவது தடுத்தால் உடனே நிறுத்துங்கள். ஒரு ரிங் வெளியே துள்ளியிருக்கும். இன்னும் ஒரு தட்டு தட்டினால் அது உடைந்துவிடும். ஒவ்வொரு பிஸ்டனும் உள்ளே போனதும் கிராங்க்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். நான்கையும் மாட்டிவிட்டுச் சுற்றினால், எதில் கோளாறு என்று தேட வேண்டியிருக்கும்.

முதல் ஓட்டம்

ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றி, ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பிறகே பிளக்கை மாட்டுங்கள். இன்ஜின் பிடித்ததும் வெறும் ஐடிலில் நீண்ட நேரம் ஓடவிடுவதுதான் மென்மையாக நடத்துவது என்று பலரும் நினைக்கிறார்கள். அது ரிங்குக்குக் கெடுதல். ரிங்கைச் சுவரோடு அழுத்துவது வாயுவின் அழுத்தம் என்று முதலில் பார்த்தோமே. ஐடிலில் அந்த அழுத்தம் குறைவு. ரிங் பழகாமலேயே சுவர் வழவழத்துப் போகும், பிறகு ஆயில் குடிப்பது நிற்காது. கசிவும் சத்தமும் இல்லை என்று உறுதியானதும் சாலைக்குக் கொண்டுபோங்கள். மிதமான வேகத்தில், ஆக்சிலரேட்டரை ஓரளவு மிதித்து ஏற்றி, காலை எடுத்து இறங்கவிட்டு, மறுபடி ஏற்றி ஓட்டுங்கள். முழு வேகம் வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுந்தூரமும் வேண்டாம்.

இன்ஜின் பழகும்வரை விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் தேவையில்லை, சாதாரண மினரல் ஆயில் போதும். 800 கி.மீ. வாக்கில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, மேனுவல் சொன்னால் ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் (இறுக்கும் முறுக்கு விசையின் அளவு) பார்த்து இறுக்கி, வால்வு இடைவெளியையும் சரிபாருங்கள். அன்றைக்கே கம்ப்ரெஷன் கேஜை மாட்டி நான்கு சிலிண்டரின் அளவையும் எடுத்து, வேலைக்கு முன் எழுதிவைத்த எண்களுக்குப் பக்கத்திலேயே தேதி போட்டு எழுதிவிடுங்கள். அடுத்த முறை புகை வரும்போது முதலில் தேடப்போவது அந்தத் தாளைத்தான்.